சிக்ஸ்டியா, நைன்டியா?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாட்டுக் கேட்கிற கருவிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் கீழே டீக்கடையிலேயே இரண்டு பேர் என்னை மடக்கிவிட்டார்கள். ஒருவர், “இசைத்தட்டுல கேக்குற மாதிரி வருமா சார்?” என்றார். கூட வந்தவர் விடவில்லை. “அது கொரகொரங்கும்யா, சிடிதான் சுத்தம்” என்றார். இரண்டு பேரும் இப்போது முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். முதலில் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரொம்ப நேரம் ஆகாது.

மனிதக் காது கேட்கக்கூடியது நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை. வயதாக ஆக மேல்பக்கம் தேய்ந்துகொண்டே வரும். சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து வைக்கிறார்கள். காதுக்கு எட்டுகிற எதையும் விட்டுவிடாமல் பிடிக்க அது போதும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சிடி தருகிற இடைவெளி சுமார் 96 டெசிபல். நல்ல எல்பி தட்டு 70ஐத் தொட்டால் பெரிது. ஆக, அளந்து பார்த்தால் 1982இல் சிடி கடைக்கு வந்த அன்றே வழக்கு முடிந்துவிட்டது. சிடிக்காரர் ஜெயித்துவிட்டார்.

ஆனால் 2022இல் அமெரிக்காவில் விற்ற எல்பி தட்டுகள் ஏறக்குறைய 4 கோடியே 10 லட்சம், சிடிக்கள் 3 கோடியே 30 லட்சம். அளவுகோலில் தோற்றது கடையில் ஜெயித்திருக்கிறது. இதைப் பார்த்த பிறகும், மனிதர்கள் காதால் மட்டுமே கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். என்னைக் கேட்டால், ‘அடுத்த பாட்டு எது?’ என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்தக் கருவி அந்த உரிமையை நம் கையில் கொடுத்ததோ அதன்மேல்தான் நமக்குப் பிரியம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அதற்குச் சாட்சியம்.

பழைய 78 சுற்றுத் தட்டில் பாட்டின் நீளத்தை முடிவு செய்தது தட்டின் விட்டம். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான் இடம். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மணிக்கணக்கில் ஒரு ராகத்தை விரிக்கிற அந்த அம்மாள், மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சுருக்கிப் பாடி, கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டு அச்சானது ஜெர்மனியில், ஹானோவர் நகரத்தில். பாடியது யார் என்று அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குத் தெரியவேண்டுமே! மைக் கிடையாது. கூம்புக்குள் தலையை நீட்டி, தொண்டை கிழியப் பாடவேண்டும். மின்சார மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925இல்தான் வந்தது.

நம் வித்வான்களுக்கும் அதே கதிதான். ஆலாபனை என்பது நாலு கீற்று. பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றும் ஓட்டமும் நடையுமாக முடியும். கச்சேரி ரசிகர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கச்சேரிக்குள் நுழையவே வாய்ப்பில்லாத எத்தனையோ பேருக்கு ராகத்தின் முகத்தைக் காட்டியவை அந்த மூன்று நிமிடத் தட்டுகள்தான். நாடகப் பாடகர் கிட்டப்பாவை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர், தட்டில் மட்டுமே கேட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்த மனிதர் அவர்.

ஒரு சங்கதியை இடையில் சொல்லவேண்டும். அந்தத் தட்டு அரக்கால் ஆனது. ஆமாம், தபால் உறைக்கு முத்திரை வைக்கிற அதே அரக்கு. பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்து, சோட்டா நாக்பூர் பக்கமிருந்து போனது. மரத்தில் பூச்சி கட்டுகிற பிசின் கப்பலேறிப் போய், தட்டாகித் திரும்பி வந்தது. கைதவறினால் சில்லுசில்லாகப் போகும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் எஃகு ஊசியை மாற்றவேண்டும், பெட்டிக்குச் சாவி கொடுக்கவேண்டும். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. அதில் பங்குதாரராக இருந்த காரைக்குடிக்காரர் ஒருவர், தட்டு விற்ற கையோடு படம் எடுக்கப் போனார். அவர்தான் ஏ.வி. மெய்யப்பன். தமிழ்ப் படத் தொழிலின் ஒரு வேர் தட்டு வியாபாரத்தில் இருக்கிறது.

தட்டு வாங்க எத்தனை பேருக்கு வசதி இருந்தது? ஊரில் ஒருவர் இருவர். மற்றவர்களுக்கு ரேடியோ செட்டுக்காரர்தான் கதி. எங்கள் பக்கம் மைக் செட்டை ரேடியோ செட் என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீடா, சடங்கு வீடா, கோயில் கொடையா, விடிவதற்கு முன்னாலேயே வேப்பமரத்து உச்சியில் குழாய் கட்டியாகிவிடும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அதன்பிறகு அவர் வைத்ததுதான் சட்டம். நாகூர் ஹனிபாவின் குரல் பள்ளிவாசல் விழாவிலும் ஒலித்தது, திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டத்திலும் ஒலித்தது. இரண்டு இடத்திலும் செட்டுக்காரர் ஒருவராகவே இருப்பார், தட்டு மட்டும் மாறும். ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இல்லாமல் கூழ் ஊற்றமாட்டார்கள்.

பாட்டு மட்டுமா? ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனமும், ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் தருமியாகப் புலம்புகிற காட்சியும் குழாய் வழியாகவே ஊருக்கு மனப்பாடம் ஆயின. படத்தையே பார்க்காதவர்கள் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார்கள். படம் பார்ப்பது கண்ணுக்கான வேலை என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்க, நாம் படத்தைக் காதால் கேட்டோம். 1984இல் ‘விதி’ வந்தபோது அதன் நீதிமன்றக் காட்சி வசனம் கேசட்டாக டீக்கடை டீக்கடையாக ஓடியது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். தூங்கவிடாமல் அடித்த குழாயை நான் புகழவில்லை. இரவு 10 மணிக்கு மேல் விடிகாலை 6 மணிவரை வைக்கக்கூடாது என்று 2000இல் விதி வந்தது நியாயமே. பரீட்சைக்குப் படித்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. நான் சொல்வது, அங்கே கேட்பவனுக்கு ஓட்டுரிமை கிடையாது என்பதை.

வானொலியிலும் கிடையாது. பி.வி. கேஸ்கர் என்று ஒரு அமைச்சர். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்தார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. அகில இந்திய வானொலியில் அது அருகிப் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். வடக்கே அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சி, தெற்கே கொழும்பின் தமிழ் வர்த்தக சேவை. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரை நம் ஊர்க்காரர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். 1957 அக்டோபர் 3ஆம் தேதி டெல்லி இறங்கிவந்து விவித்பாரதியைத் தொடங்கவேண்டியதாயிற்று. ஒரு மந்திரியை, ஒரு முள்ளைத் திருப்பியே ஜனங்கள் தோற்கடித்த கதை இது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு, தன் பெயரும் ஊர்ப் பெயரும் காற்றில் வருமா என்று காத்திருந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். பாட்டைவிட அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் கவனமாகக் கேட்டோம். தேர்ந்தெடுக்கிற உரிமையின் முதல் ருசி அது. அஞ்சலட்டை அளவுக்கு.

இப்போது என் மாமா கடைக்கு வருகிறேன். காரைக்குடியில் என் தாய்மாமன் ஒருவர் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். எட்டுக்குப் பத்து அறை. ஒரு சுவர் முழுக்க எல்பி தட்டுகள், முதுகு தெரியும்படி. இரண்டு கேசட் டெக், ஒரு தட்டுச் சுழலி, பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்குகிற விளக்கு வைத்த ஈக்குவலைசர். அந்த விளக்கைப் பார்க்கவே பையன்கள் வாசலில் நிற்பார்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் அங்கே கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.

வருகிறவர் நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டுவார். மாமா தாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்கிற கேள்வி: “சிக்ஸ்டியா, நைன்டியா?” சிக்ஸ்டி என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. நைன்டி என்றால் பதினெட்டு, இருபது. “நைன்டி ரீல் மெலிசு அண்ணே, சிக்கும். சிக்ஸ்டியே போடுங்க” என்பார் மாமா. அது உண்மைதான். அதே ஓட்டுக்குள் நீளமான நாடாவைச் சுற்றவேண்டுமென்றால் மெல்லியதாகத்தான் செய்தாக வேண்டும்.

பிறகு தாளைப் படிப்பார். முகத்தில் ஒரு மாற்றம் வரும். “ஏண்ணே, ஆறு சோகப் பாட்டையும் ஒரே பக்கத்துல எழுதியிருக்கீங்க? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?” என்பார். வந்தவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். “மாத்தி மாத்திப் போட்டுத் தரேன். மூணாவதுக்கப்புறம் ஒரு டூயட் வரட்டும்.” இப்படி ஒரு பேரம். பாட்டுகளின் நிமிடம் நொடி எல்லாம் அவருக்கு மனப்பாடம். தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்ப்பார். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்கே அவமானம். இரண்டு நிமிடம் மிஞ்சினால் ஏதாவது படத்தின் பின்னணி இசையைப் போட்டு நிரப்புவார். அதற்குக் காசு கிடையாது. பதிந்து முடிந்ததும் பேனா முனையால் கேசட்டின் பின்பக்கக் காதை உடைத்துவிடுவார், யாரும் தெரியாமல் மேலே பதிந்து அழித்துவிடக்கூடாது என்று. வீட்டில் பிள்ளைகள் அந்தப் பொந்தில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து அழிக்கத்தான் செய்தார்கள்.

அந்த நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகரும். 1963இல் பிலிப்ஸ் கம்பெனியில் இதை உருவாக்கிய லூ ஒட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர், தன் கோட்டுப் பையில் நுழைகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, ‘கருவி இதற்குமேல் பெரிதாகக்கூடாது’ என்று கணக்குப் போட்டார். பேச்சைப் பதிவதுதான் முதல் நோக்கம். சங்கீதத்துக்கு அது லாயக்கில்லை என்றார்கள். ஒலித்தரத்தில் பார்த்தால் இன்றுவரை வந்தவற்றில் கடைசி வரிசையில்தான் அதற்கு இடம். உஸ்ஸென்ற இரைச்சல், வெயிலில் இழுபடுகிற ரீல், ஹெட்டில் அழுக்கு ஏறினால் மூக்கடைத்த குரல். ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கவேண்டும். சிக்கிய ரீலைப் பென்சிலை விட்டுச் சுற்றவேண்டும். இத்தனைக்கும் பிறகு, என் தலைமுறையில் ஒரு நூறு பேரை நிறுத்தி, பிடித்த கருவி எது என்று கேளுங்கள். தொண்ணூறு பேர் கேசட்டைத்தான் சொல்வார்கள். ஏன்? பாட்டுகளின் வரிசையை முதன்முதலாக நாமே எழுதினோம். அதுவும் சொந்தக் கையெழுத்தில்.

அந்த வரிசை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது தெரியுமா? இன்றைக்கும் பஸ்ஸில் ஒரு இளையராஜா பாட்டு முடிந்தால், அடுத்து என் கேசட்டில் இருந்த பாட்டின் முன்னிசை தானாக மனதுக்குள் ஓடத் தொடங்கிவிடும். பஸ்ஸில் வேறு பாட்டு வரும். ஒரு கணம் தடுமாறிப் போவேன். இந்தச் சபையில் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால் வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று தெரிகிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. மாமா செய்தது சட்டப்படி திருட்டு. இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் தட்டு வெளியிட்டவருக்கும் அந்தத் தாளிலிருந்து ஒரு பைசா போகவில்லை. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். கடைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடின. இதைச் செல்லமாகப் பேசிக் கடந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. அதேசமயம், மலிவான கேசட் இல்லாவிட்டால் புஷ்பவனம் குப்புசாமியின் நாட்டுப்புறப் பாட்டும், வீரமணியின் ஐயப்பன் பாட்டும், சென்னைக் கானாவும், பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சின்னச் சின்னக் குலசாமிகளின் பாட்டும் இவ்வளவு தூரம் போயிருக்காது. இரண்டும் ஒரே கருவி செய்த காரியம்.

மற்ற கருவிகளை வேகமாகத் தாண்டுகிறேன். 1979 ஜூலை முதல் தேதி சோனி வாக்மேன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முதல் மாதிரியில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. பாட்டை ஓடவிட்டபடியே இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. ஒருவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாகுமோ என்று தயாரித்தவர்களுக்கே கூச்சம். ஜனங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பின்னால் வந்த மாதிரிகளில் பொத்தானும் போனது, இரண்டாவது துளையும் போனது. அடுத்து எம்பி3. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று நடைபாதையில் கூவி விற்றார்கள். அந்த நூற்றைம்பதில் முப்பதுக்கு மேல் கேட்டவரை நான் பார்த்ததில்லை. 2001இல் ஐபாட், ஆயிரம் பாட்டு. இப்போது கைப்பேசியில் கோடிக்கணக்கில்.

இங்கேதான் என் சாட்சியம் முக்கியமான கட்டத்துக்கு வருகிறது. கோடிப் பாட்டு கையில் இருந்தால் தேர்ந்தெடுக்கிற உரிமை கோடி மடங்கு பெருகியிருக்க வேண்டும், இல்லையா? என்ன நடக்கிறது? ஒரு பாட்டைப் போடுகிறோம். அது முடிந்ததும் அடுத்ததைச் செயலியே வைக்கிறது. நாம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேப்பமரத்துக் குழாய் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ரேடியோ செட்டுக்காரரையாவது ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

பாட்டின் உடம்பும் மாறுகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதற்குள் விரல் தள்ளிவிட்டால் காசு இல்லை. அப்படியிருக்க, ஒரு நிமிடம் வயலின்களை அடுக்கி, புல்லாங்குழலை நுழைத்து, பிறகு பாடகரைக் கூப்பிடுகிற முன்னிசைக்கு இனி யார் துணிவார்கள்? பாட்டு எடுத்த எடுப்பிலேயே பல்லவியில் குதிக்கிறது. 78 சுற்றுத் தட்டுக்கு மூன்று நிமிடம் விதித்தது விட்டம். இப்போது விதிப்பது நம் கட்டைவிரல். இதனால் பாட்டு கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசையில்லை. மூன்று நிமிடத்திலும் நம் ஆட்கள் சாதித்தார்கள்.

அமெரிக்க இளைஞர்கள் எல்பி வாங்குவதும் இதனால்தான் என்பது என் கணிப்பு. உறையிலிருந்து தட்டை எடுத்து, தூசி துடைத்து, முள்ளை இறக்கி, இருபது நிமிடம் கழித்து எழுந்துபோய்த் திருப்பிப் போடவேண்டும். ‘இன்றைக்கு இது’ என்று முடிவுசெய்தது தான்தான் என்பது அந்தச் சிரமத்தில் உறுதியாகிறது. தட்டுக்காரரே, நீங்கள் ஜெயித்தது இந்த வகையில். ஒலியில் இல்லை, மன்னிக்கவும்.

கேசட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அதை மறந்துவிட்டோம். தட்டிலும் வானொலியிலும் நாம் கேட்க மட்டுமே முடியும். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன்னில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது, பதிவதற்கு. வளைகுடாவுக்குப் போனவர்கள் எழுதத் தெரியாத அம்மாவுக்குக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பினார்கள். இங்கிருந்து பதில் போகும். நடுவில் ஆடு கத்தும், யாரோ கதவைத் தட்டுவார்கள், குழந்தையை முன்னால் தள்ளி “அத்தாட்ட பேசு, பேசு” என்பார்கள். அது பேசாது. மூச்சுமட்டும் கேட்கும். கல்யாணத்து நாகஸ்வரம், தாத்தாவின் தேவாரம், பள்ளி ஆண்டுவிழா, ஆச்சி பாடிய தாலாட்டு எல்லாம் அந்த நாடாவில் பதிந்தன. சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். இவை உங்கள் வீட்டுப் பரண்மேல் மட்டும்தான் இருக்கின்றன.

ஆகவே வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறுங்கள். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிச் சன்னல் வழியாக ரீலின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓடவிட்டால் கருவியின் ஹெட்டுக்கும் பரவும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தபிறகுதான் போடவேண்டும். பூஞ்சை இல்லையென்றால், ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பிறகு பின்னால் ஓட்டி, நாடாவைத் தளர்த்துங்கள். காது உடைந்திருக்கிறதா என்று பாருங்கள், உடையாவிட்டால் இப்போதே உடையுங்கள். கை தவறிச் சிவப்புப் பொத்தான் அமுங்கினால் ஆச்சி போய்விடுவார். ஹெட்டைத் துடைத்த கருவியில் போட்டு, ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பி வழியாகக் கணினியில் பதிந்துகொள்ளலாம். முப்பது நிமிடப் பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. வீட்டில் கருவி இல்லாதவர்கள் வெளியே மேசையில் பெயரும் ஊரும் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். என்னிடம் மாமாவின் டெக்குகளில் ஒன்று இன்னும் ஓடுகிறது. பெல்ட் மட்டும் புதுசு.